பாதிச் சம்பளம் வேண்டாம் என்றவர்கள்

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய பட்டாளத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் சம்பளத்தில் வந்து நிற்கும். "நான் சேர்ந்தப்போ இவ்வளவுதான்" என்பார்கள். கேட்கிற நமக்குச் சிரிப்பு வரும். சிரிக்க முடியாத ஒரு சம்பள நினைவை இன்று பேச வந்திருக்கிறேன்.

சூசி கிங் டெய்லர் 1848இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரில், அடிமைத்தளையிலிருந்து வெளியேறி வந்தவர்களைக் கொண்டு தென் கரோலினாவில் அமைக்கப்பட்ட கறுப்பினப் படைப்பிரிவோடு இருந்தார். துணி வெளுத்தார், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார், வீரர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். 1902இல் தன் நினைவுகளைப் புத்தகமாக்கினார்.

அதில் அவர் சொல்வது இது: வீரர்களுக்குப் பதினெட்டு மாதம் சம்பளமே வரவில்லை. மனைவிமார் துணி துவைத்தும் பலகாரம் செய்து விற்றும் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். பிறகு, "பாதிச் சம்பளம் தருகிறோம்" என்றது அரசு. கொடுத்தால் முழுதாகக் கொடு, இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடைப்படி தனி. கறுப்பருக்கு 10 டாலர். அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். கையில் வருவது 7. சார்ஜென்ட்டாக உயர்ந்தாலும் அதே 7தான். குண்டு மட்டும் எல்லோர் மேலும் ஒரே மாதிரி பாய்ந்தது.

மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவும் மறுத்தது. 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டைத் தாக்குதலில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என 250க்கும் மேற்பட்டோரை இழந்த படை அது. குறையும் தொகையை மாநில அரசே தர முன்வந்தது. அதையும் வாங்கவில்லை. பிரச்சினை தொகையில் மட்டும் இருந்திருந்தால் வாங்கியிருப்பார்கள்.

விலையும் கொடுத்தார்கள். தென் கரோலினா மூன்றாம் படைப்பிரிவின் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், இந்தச் சம்பளத்துக்கு வேலை செய்ய மாட்டோம் என்று தன் ஆட்களோடு ஆயுதங்களைக் கீழே வைத்தார். கலகக் குற்றம் சாட்டி 1864 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள்.

1864 ஜூனில் சமச் சம்பளச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு சூழ்ச்சி. 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திரமாக இருந்தவர்களுக்குத்தான் படையில் சேர்ந்த நாளிலிருந்து பாக்கி. அன்று அடிமையாக இருந்தவர்களுக்கு 1864 ஜனவரியிலிருந்து மட்டும். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே மேல்படி, கீழ்ப்படி. அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை அறிந்த நமக்கு இது புதிதா?

54ஆம் படையின் கர்னல் ஹாலோவெல் இதற்கொரு வழி கண்டார். அந்தத் தேதிவரை, கூலியில்லாமல் என்னிடம் வேலை வாங்கும் உரிமை எவருக்கும் இருந்ததில்லை என்று சத்தியம் செய்தால் போதும். அடிமையாக இருந்தவரும் மனச்சாட்சியோடு கை உயர்த்தலாம். ஏனென்றால் எந்த மனிதருக்கும் அந்த உரிமை எந்தக் காலத்திலும் கிடையாது.

சூசிக்கு என்ன கிடைத்தது? நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்ததற்கு ஒரு டாலர்கூட இல்லை. அதையும் அவரே எழுதியிருக்கிறார். ஆண்களின் சமச் சம்பளப் போராட்டத்தைப் பதிவுசெய்த பெண்ணின் பெயர் சம்பளப் பட்டியலில் இல்லை. நம் இயக்கங்களும் இதை யோசிக்க வேண்டும்.

"கிடைக்கிறதை வாங்கிக்கொள், மீதியைப் பிறகு பார்க்கலாம்" என்று நமக்கும் சொல்வார்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலைக்கு அதே ஊதியம் கேட்கும்போது சொல்லப்படுவதும் இதுதான். பசியோடு இருப்பவர் பாதியை வாங்கினால் அது குற்றமில்லை. ஆனால் பாதியைக் கொடுத்துவிட்டு, உன் மதிப்பே இவ்வளவுதான் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

உங்கள் வீட்டில், தெருவில் இருக்கும் பெரியவர்களிடம் முதல் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். பக்கத்தில் நின்றவருக்கு எவ்வளவு என்றும் சேர்த்துக் கேளுங்கள். பாட்டிகளிடமும் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.