வம்சப் பத்திரமும் புது வீடும்

(நம் பங்கின் வெள்ளி விழாவுக்கு முந்திய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் காலை வண்டிக்காக நிற்கும் இருவர் புதிதாக அறிமுகமானால் முதலில் என்ன கேட்டுக்கொள்கிறார்கள்? "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பார் ஒருவர். ஊர் தெரிந்ததும், "அங்கே யார் வீடு?" என்பார் மற்றவர். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குப் போகிற நாம் பல மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். ஆகையால் இந்தக் கேள்வி இயல்பானதுதான். ஆனால் அந்த இரண்டாவது கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதும் உண்டு. அது என்னவென்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இன்று மாலை புனித பிரான்சிஸ் சவேரியாரைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் செய்த புதுமைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதை அதிகமாகக் கேட்டதில்லை. எனவே அவருடைய குலத்தையும் குடும்பத்தையும் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் பிறந்தார். பிறந்த இடம் ஒரு கோட்டை. இன்றைய ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில், அந்நாளில் நவார் என்ற சிறிய அரசு இருந்தது. அங்கே சங்குவேசா என்னும் ஊருக்கு அருகில் உள்ளது அந்தக் கோட்டை. அதன் பெயர்தான் சவேரியர். பாஸ்கு மொழியில் "எச்சே" என்றால் வீடு, "பெரி" என்றால் புதியது. அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து, காலப்போக்கில் மருவி, சவேரியர் ஆயிற்று. நம் ஊர்களில் மேல வீடு, கீழ வீடு, பெரிய வீடு என்று குடும்பங்களுக்குப் பெயர் இருக்கிறதல்லவா? அதுபோல அவருடைய குடும்பத்தின் பெயர் "புது வீடு". இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் இதற்குத் திரும்பி வருவோம்.

அவருடைய தந்தை ஜுவான் தெ யாசோ, இத்தாலியில் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். நவார் அரசரின் அரசவை மன்றத்துக்குத் தலைவராக உயர்ந்தவர். படிப்பாலும் பதவியாலும் மேலே வந்த மனிதர் அவர். கோட்டையும் நிலமும் தாய் மரியா தெ அஸ்பில்குவேத்தா வழியாக வந்தவை. பிள்ளைகள் ஐந்து பேர்: மகதலேனா, அன்னா, மிகுவேல், ஜுவான், கடைக்குட்டி பிரான்சிஸ். மூத்தவள் மகதலேனா, காஸ்தீல் நாட்டு அரசி இசபெல்லாவின் அரண்மனையில் தோழியாக இருந்தவள். அந்தச் சிறப்பை எல்லாம் துறந்து கந்தியா நகரில் கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, பின்னர் அதன் தலைவியானாள். அந்த வீட்டில் துறவுக்கு வழிகாட்டியவள் அக்காதான்.

அந்த வீடு நெடுநாள் நிலைக்கவில்லை. 1512ஆம் ஆண்டு காஸ்தீல் படை நவாருக்குள் புகுந்தது. அரசர் நாட்டை விட்டு வெளியேறினார். 1515இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு, நவாரை மீட்க நடந்த முயற்சி தோற்றது. காஸ்தீலை அப்போது ஆண்ட கர்தினால் சிஸ்னேரோசின் கட்டளைப்படி சவேரியர் கோட்டையின் அரண்களை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள். தம் வீட்டை இடிக்கிறதைப் பார்த்து நின்ற பிரான்சிசுக்கு அப்போது வயது பத்து. அந்தத் தாயின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கணவர் இல்லை, கோபுரம் இல்லை, வருமானமும் சுருங்கிவிட்டது.

அண்ணன்மார் மிகுவேலும் ஜுவானும் பழைய அரசருக்காக வாளெடுத்தார்கள். 1521இல் பம்ப்லோனா நகரைப் பிடித்த படையின் பக்கம் அவர்கள் நின்றார்கள். அந்த நகரின் கோட்டையை எதிர்ப்பக்கத்தில் நின்று காத்த ஒரு வீரனின் காலைப் பீரங்கிக் குண்டு முறித்தது. அவர்தான் லொயோலா இஞ்ஞாசியார்! சண்டை நீண்டது, தோல்வியில் முடிந்தது. 1524இல் பேரரசர் சார்லஸ் மன்னிப்பு அளித்த பிறகே அண்ணன்மார் வீடு திரும்பினார்கள்.

இப்படி நொடித்துப்போன பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை என்ன செய்வான்? படித்து, நல்ல பதவியில் அமர்ந்து, குடும்பத்தின் பேரை மீட்க வேண்டும் என்று நினைப்பான். பிரான்சிசும் அப்படித்தான் நினைத்தார். 1525இல் பாரிசு நகரத்துக்குச் சென்று புனித பார்பரா கல்லூரியில் சேர்ந்தார். 1530இல் கலை முதுகலைஞர் பட்டம் பெற்று ஆசிரியரானார். அடுத்து அவர் விரும்பியது பம்ப்லோனா பேராலயத்தில் கவுரவமான ஒரு குருப் பதவி. அதற்கு உயர்குடிப் பிறப்புக்குச் சான்று இருந்தால் நல்லது. ஆகவே 1531ஆம் ஆண்டு, பாரிசில் இருந்துகொண்டே, தாம் உயர்குலத்தவர் என்பதை நிரூபிக்கும் பத்திரத்துக்கு ஏற்பாடு செய்தார்.

அந்நாட்டு வழக்கப்படி நான்கு வழியிலும் குலம் காட்ட வேண்டும். தந்தையின் தந்தை வழி யாசோ, தந்தையின் தாய் வழி அத்தோந்தோ, தாயின் தந்தை வழி அஸ்பில்குவேத்தா, தாயின் தாய் வழி அஸ்னாரஸ். இந்த நான்கு குடும்பங்களும் உயர்ந்தவை என்று காட்ட வேண்டும். நம் ஊரில் பெண் பார்க்கிறபோது "நாலு பக்கமும் விசாரித்துவிட்டோம்" என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். ஆம், நம் புனிதரும் ஒரு காலத்தில் இந்தக் கணக்கைப் பார்த்தவர்தான். புனிதர்கள் பிறக்கும்போதே புனிதர்களாகப் பிறப்பதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

வழக்கு மெதுவாக நடந்தது. அதற்குள் கல்லூரியில் வேறொன்று நடந்துவிட்டது. அவருடைய அறைத் தோழர் பேதுரு பேபர், சவோய் நாட்டு மலையில் ஆடு மேய்த்த பையன். சவேரியர் கோட்டைக்கோ, தங்கள் நிலத்தின் வழியே கடந்து செல்லும் மந்தைகளுக்கு வரி வாங்கும் உரிமை இருந்தது. வரி வாங்கும் வீட்டுப் பிள்ளையும் ஆடு மேய்த்த பிள்ளையும் ஒரே கூரையின் கீழ்! 1529இல் அதே அறைக்கு மூன்றாவது ஆளாக வந்தவர், கால் ஊனமுற்று, பிச்சையெடுத்துப் படித்த இஞ்ஞாசியார். அண்ணன்மாருக்கு எதிராகப் போரிட்ட அதே மனிதர். பிரான்சிஸ் முதலில் அவரை மதிக்கவில்லை, கேலி பேசினார். இஞ்ஞாசியார் பொறுத்திருந்தார். பிரான்சிசிடம் படிக்க மாணவர்களைச் சேர்த்துக் கொடுத்தார். பணமில்லாதபோது உதவினார். உலகம் முழுவதையும் ஒருவன் ஆதாயமாக்கிக்கொண்டாலும் தன் ஆன்மாவை இழந்தால் பயன் என்ன என்னும் நற்செய்தியின் கேள்வியை அவர் முன் வைத்துக்கொண்டே இருந்தார். 1534 ஆகஸ்டு 15ஆம் நாள், பாரிசின் மோன்மார்த்தர் குன்றில், ஏழு தோழர்கள் வறுமையும் கற்பும் வாக்களித்தார்கள். பேபரும் பிரான்சிசும் அவர்களில் இருவர்.

1536 ஆகஸ்டு மாதம் நவாரில் தீர்ப்பு வந்தது. பிரான்சிஸ் உயர்குலத்தவரே, அவருடைய நான்கு குடும்பங்களும் உயர்ந்தவையே என்று அரச மன்றம் முடிவு செய்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர் எவ்வளவோ ஆசைப்பட்ட பத்திரம்! ஆனால் அது தேவைப்பட்ட மனிதர் அப்போது இல்லை. அதே ஆண்டு நவம்பரில் அவர் தோழர்களுடன் பாரிசை விட்டு வெனிஸ் நகருக்கு நடந்தே புறப்பட்டார். அங்கே தீராத நோயாளிகளின் மருத்துவமனையில் புண் கழுவினார்.

இங்கே ஒரு செய்தியைத் திருத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, வழியில் தம் வீட்டருகே சென்றும் தாயைப் பார்க்காமலே கடந்துபோனார் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அது நடந்திருக்க முடியாது. அவருடைய தாய் 1529ஆம் ஆண்டே இறந்துவிட்டார். சவேரியார் பாசமற்றவர் அல்லர். 1535இல் அண்ணன் ஜுவானுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இஞ்ஞாசியாரைப் பற்றித் தவறாகச் சொன்னவர்களை நம்ப வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிற கடிதம் அது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் இஞ்ஞாசியாரே. பழைய எதிரிகள் இருவர் ஒரு கடிதத்தால் உறவானார்கள்.

1541 ஏப்ரல் 7ஆம் நாள், தம் 35ஆம் பிறந்த நாளில், லிஸ்பனில் கப்பலேறினார். திருத்தந்தையின் தூதர் என்ற பதவியும் அவருக்கு இருந்தது. அந்தப் பதவிக்கு ஒரு வேலைக்காரனாவது வேண்டாமா என்று அரச அதிகாரி ஒருவர் வற்புறுத்தியும் அவர் ஏற்கவில்லை. தம் துணியைத் தாமே துவைத்துக்கொண்டார், கப்பலில் நோயுற்றவர்களைக் கவனித்தார். 1542 மே 6ஆம் நாள் கோவா வந்ததும், ஆயரின் முன் மண்டியிட்டு, தூதர் பத்திரங்களை அவரிடம் காட்டி, ஆயர் விருப்பமின்றி அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்றார். குலப் பத்திரம் போன வழியிலேயே பதவிப் பத்திரமும் போயிற்று.

அவ்வாண்டு அக்டோபரில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் தமிழ்ப் புலவர் அல்லர். தமிழும் போர்த்துக்கீசும் அறிந்தவர்களைச் சேர்த்து, செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டே தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1544இல் வடுகர் படை கடற்கரை ஊர்களைத் தாக்கியபோது, பரதவ மக்கள் குமரிமுனைப் பாறைகளுக்கு ஓடிப்போய்ப் பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்காற்று விடவில்லை. ஆனாலும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. வீடு இழந்தவர்களின் துயரத்தை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயதில் அதைக் கண்ணால் கண்டவர் அவர்.

அதே ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவ மக்களிடையே ஒரு மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்தார். 1545இல் நம் மயிலாப்பூருக்கு வந்தார். கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போவதா வேண்டாமா என்று அறிய, புனித தோமையாரின் கல்லறையருகே செபித்து, சாந்தோமில் ஏறக்குறைய நான்கு மாதங்கள் தங்கினார். நாம் ரயிலேறிச் சென்று வணங்கிவிட்டு அன்றே திரும்பக்கூடிய இடத்தில்தான் அவர் அந்த முடிவை எடுத்தார்.

அவர் பெருமகனைப்போல உடுத்தியதும் உண்டு. ஜப்பானில் யாமகுச்சி நகரத்து ஆட்சியாளர், ஏழைக் கோலத்தில் வந்தவரைப் பொருட்படுத்தவில்லை. 1551இல் சவேரியார் பட்டு உடுத்தி, பரிசுகளுடன் தூதராகச் சென்றார். நற்செய்தி சொல்ல அனுமதி கிடைத்தது. அந்தப் பட்டு அவருடைய குலத்துக்காக உடுத்தியதன்று.

1552 டிசம்பர் 3ஆம் நாள், சீனக் கரையோரம் சான்சியன் தீவில், ஒரு குடிசையில், தமது 46ஆம் வயதில் காலமானார். உடனிருந்தவர் அந்தோனி என்னும் சீன இளைஞர். கடைசி நாட்களில் தமக்குப் புரியாத ஒரு மொழியில் அவர் பேசினார் என்று அந்தோனி சொல்லியிருக்கிறார். அது தாய்மடியில் கற்ற பாஸ்கு மொழியாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். வீட்டை விட்டவர் வீட்டின் மொழியை மறக்கவில்லை. இந்தியாவிலிருந்து அவர் எழுதிய கடிதங்களின் அடியில் பெரும்பாலும் "பிரான்சிஸ்கு" என்ற ஒரு சொல்லே இருக்கும். குலப்பெயர் இராது.

அன்பார்ந்தவர்களே, அந்தக் குலம் என்ன ஆயிற்று? அவருக்குப் பிள்ளை இல்லை. கோட்டை வேறு பிரபுக் குடும்பங்களின் கைக்குப் போயிற்று. ஆனால் அவர் தம் கையெழுத்தில் விட்டுவிட்ட அந்தப் பெயர் எங்கே வந்து சேர்ந்தது என்று பாருங்கள். நம் கோயில் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டுங்கள். சேவியர், சவரிமுத்து, சவரிராயன், சவரியம்மாள்! கடலில் வலைவீசுகிறவருக்கும், வயலில் நாற்று நடுகிறவருக்கும், ஆலையில் இரண்டாம் ஷிப்டு முடித்து வருகிறவருக்கும் அந்தப் பெயர் இருக்கிறது. நவார் நாட்டு அரச மன்றம் நான்கு குடும்பங்களுக்குத்தான் சான்று கொடுத்தது. தமிழ்நாட்டில் அந்தப் பெயர் எத்தனை ஆயிரம் குடும்பங்களின் பெயராகிவிட்டது!

ஆகவே நமக்கு நாமே ஒன்று சொல்லிக்கொள்வோம். விழா மலர் தயாரிக்கும்போது "முதலில் வந்த குடும்பம் எது, யார் பெயர் மேலே" என்ற பேச்சு எல்லா ஊர்களிலும் எழுவதுண்டு. முதலில் வந்தவர்களை நன்றியோடு நினைப்பது நம் கடமை. ஆனால் அந்த நன்றி ஒரு வம்சப் பத்திரமாக மாறிவிடக் கூடாது. தமிழகத்தின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதியின் பேரால் தடுப்பு இருந்ததை நாம் வெட்கத்தோடு அறிவோம். பல ஊர்களிலிருந்து வந்து இங்கே ஒன்றாகக் குடியேறிய நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. பழைய ஊரின் பாசத்தைக் கொண்டுவரலாம், பழைய ஊரின் சுவரைக் கொண்டுவர வேண்டியதில்லை. திருமுழுக்குப் பதிவேடு ஒருவருடைய பெயரையும், பெற்றோரையும், ஞானத் தாய் தந்தையரையும் கேட்கிறது. நான்கு பக்கத்துக் குலத்தைக் கேட்பதில்லை.

சவேரியர் என்றால் புது வீடு என்று தொடக்கத்தில் சொன்னோம். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் இங்கே கட்டி வருவதும் ஒரு புது வீடுதான். நாளைக் காலைத் திருப்பலிக்கு வருகிறபோது, பெயர் தெரியாத ஒரு குடும்பத்தின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர்கள் பெயரைக் கேளுங்கள். "யார் வீடு?" என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த வீடுதானே!