பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்போம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவர்கள் உருவாக்கும் காணொலிகளில் ஒலியை எப்படிக் கையாளலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் திரைப்படத் தொழில் படித்தவள் இல்லை. அருள்புரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு, ஒரே ஒரு கைபேசியை வைத்துச் செய்து பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

அரசுப் பள்ளிகளில் 2022இல் சிறார் திரைப்பட விழா தொடங்கியபின், படம் பார்ப்பதோடு எடுத்தும் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. "வீட்டில் ஒருவருடைய வேலை" என்று தலைப்புக் கொடுத்தேன். வந்த படங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருந்தன. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு சோகமான சினிமாப் பாட்டு. அம்மா துணி மடித்தாலும் அதே பாட்டு, தாத்தா ஆடு மேய்த்தாலும் அதே பாட்டு.

பாட்டின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு ஒருமுறை போடச் சொன்னேன். கைபேசி தானாகப் பதிவு செய்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. ஒரு நிமிடத்தில் என்னென்ன கேட்கிறது என்று நோட்டில் எழுதச் சொன்னேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் தனித்திறமையே உண்டு. கண்ணை மூடிக்கொண்டே நிட்டிங் மெஷினா, ஓவர்லாக்கா, விசைத்தறியா என்று சொல்லிவிடுவார்கள். நிட்டிங் இடைவிடாமல் இரையும். ஓவர்லாக் ஒரு தையலுக்கு ஓடி நிற்கும், மறுபடி ஓடும். தறிக்குத் தனித் தாளமே உண்டு.

எழுதியதைப் பிரித்தோம். மனிதர் பேசுவது ஒன்று. இடத்துக்கே உரிய சூழல் ஒலி ஒன்று. கத்தரி வெட்டுவது, பாத்திரம் வைப்பது போலச் செயலோடு சேர்ந்த ஒலி ஒன்று. இவற்றுக்குப் பிறகுதான் இசை. எடிட்டிங் செயலியில் ஒவ்வொன்றையும் தனித்தனி வரிசையில் வைத்தால், எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள்.

செயலோடு சேர்ந்த ஒலி சரியாகப் பதியாவிட்டால் பின்னர் வகுப்பிலேயே உருவாக்கலாம். இதற்கு ஃபோலி என்று பெயர். ஹாலிவுட்டில் இந்த வேலையைச் செய்த ஜேக் ஃபோலியின் பெயரே தொழிலுக்கு நிலைத்துவிட்டது. பனியன் துணியை உதறும் ஒலிக்கு எங்கள் பிள்ளைகள் தங்கள் சட்டையையே உதறினார்கள். அன்று பக்கத்து வகுப்பாசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்!

இசையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024இல் பின்னணி இசையே இல்லாமல் வந்ததை நினைத்துப் பாருங்கள். ஆட்டோவின் இரைச்சலும் பேச்சும் காற்றும் சேவலுமே அந்தப் படத்தைத் தாங்குகின்றன.

இனி ஒரு மாணவியின் படத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவள் குடும்பம் ஒடிசாவிலிருந்து வந்தது. வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். அம்மா ஓவர்லாக் டெய்லர். கம்பெனிக்குள் படமெடுக்க அனுமதி இல்லை. தன் முகம் தெரியக்கூடாது என்று அம்மாவும் சொல்லிவிட்டார். குரலுக்கு மட்டும் சம்மதம். ஆக, கையிலிருந்தது அந்தக் குரலும், வீட்டில் எடுத்த அவருடைய கைகளின் காட்சியும், மூடிய கேட்டும் மட்டுமே.

குழுவில் இருந்தவர்கள், "ஒடியா யாருக்கும் புரியாதுங்க டீச்சர், எடுத்துட்டுத் தமிழ்ல பேசிரலாம்" என்றார்கள். "ஏன் சண்டை போடற மாதிரி பேசறாங்க?" என்று ஒருவன் கேட்டான். அந்தப் பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். "எங்கம்மா கோவமாப் பேசலைங்க டீச்சர். கம்பெனியில மெஷின் சத்தத்துல பேசிப் பேசி வீட்டுலயும் இப்படித்தான்."

இதை நாம் விளக்குவதைவிடக் கேட்கவைப்பது மேல் என்று தோன்றியது. கேட்டுக்கு வெளியே நின்று மெஷின் ஓட்டத்தைப் பதிவு செய்தார்கள். மூடிய கேட்டின் காட்சியில் அந்த இரைச்சல். அது ஓயும் முன்பே அம்மாவின் உரத்த குரல் மேலெழுகிறது. பிறகே அடுப்படியும் கைகளும் தெரிகின்றன. ஒலியைக் காட்சிக்குச் சற்று முன்னால் இழுத்துவிட்டால் போதும், இரண்டு இடங்களும் ஒட்டிக்கொள்ளும். சில விநாடிகள் ஒடியா மட்டும். அதன்பின் அதைத் தணித்து, மேலே மகளின் தமிழ். அதை அவளே பேசினாள். ஆறு தடவை பதிவு செய்தோம், ஒருமுறைகூட அவள் சலிக்கவில்லை.

பதிவு செய்யும்போது கைபேசி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். காற்றடித்தால் மைக் துளைமீது கட்டிங் வேஸ்ட் துணியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நம்மூரில் அதற்கா பஞ்சம்! ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிந்து வையுங்கள். பேச்சை வெட்டிய இடங்களில் அதை நிரப்பாவிட்டால், ஒலி திடீரென்று அறுந்ததுபோல் இருக்கும். சினிமாப் பாட்டோடு யூடியூபில் ஏற்றினால் காப்புரிமைச் சிக்கல் வரும். இசை வேண்டுமென்றால் பிள்ளைகளே பறையோ மேசையோ தட்டட்டும். குரல் கொடுத்தவருக்கு, ஏற்றும் முன்பே ஒருமுறை போட்டுக் காட்டிவிடுங்கள். அந்த அம்மா கேட்டுவிட்டு, மகளின் தமிழை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்.