ஆஸ்டியோபதிக் கல்லூரியின் வாயிலில்

மருத்துவப் படிப்பு என்றதும் நம் நாட்டில் எல்லோர்க்கும் நினைவு வருவது எம்.பி.பி.எஸ். பட்டமே. அமெரிக்காவில் அந்த இடத்தில் இரண்டு பட்டங்கள் நிற்கின்றன. ஒன்று எம்.டி.; மற்றொன்று டி.ஓ. பின்னதை அளிப்பவை ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகள். பிரிட்டன் போன்ற நாடுகளில் ஆஸ்டியோபத் எனப்படுவோர், உடம்பைக் கையால் அழுத்தியும் நீவியும் சிகிச்சை செய்பவர். மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டர் அல்லர். அமெரிக்க டி.ஓ. பட்டதாரியோ முழு மருத்துவர். மருந்து எழுதலாம், பயிற்சி பெற்றபின் இதயத்தையும் அறுத்துச் செப்பனிடலாம். 1973-ஆம் ஆண்டு மிஸிஸிப்பி மாநிலமும் இசைந்த பின்னர், ஐம்பது மாநிலங்களிலும் அவருக்கு இவ்வுரிமை உண்டு. இவ்வேற்றுமை தெரியாத காரணத்தால், அங்கே குடியேறிய நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், பிள்ளை இக்கல்லூரியின் பெயரைச் சொன்னதும் பெற்றோர் முகம் வாடுவதுண்டு. அந்த வாட்டம் பிள்ளையின் மனத்திலும் படிந்துவிடுகிறது. பேட்டியறையில் அது எப்படியோ வெளிப்பட்டும் விடுகிறது.

விண்ணப்பத்தின் புற அங்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் அங்கே மருத்துவக் கல்லூரியில் சேர்வது வழக்கமன்று. முதலில் நான்காண்டுப் பட்டம். பிறகு எம்கேட் என்னும் தேர்வு. அதன் மதிப்பெண் 472-இல் தொடங்கி 528-இல் முடியும். பெரும்பாலான ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கு ஒரே பொது விண்ணப்பம் போதும். அது மே மாதத்தில் தொடங்கும். விண்ணப்பங்கள் வர வர இடங்கள் நிரம்பும் முறையாதலால், கடைசி நாள்வரை காத்திருப்பவர் தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்கிறார். இவையெல்லாம் நாள்காட்டி பார்த்துச் செய்ய வேண்டிய காரியங்கள். அறிவு வேண்டிய இடம் வேறு.

பொது விண்ணப்பத்தில் 5,300 எழுத்துகளுக்குள், இடைவெளிகளும் உட்பட, தம்மைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அக்கட்டுரையிலும் பின்னர்ப் பேட்டியிலும் எதிர்ப்படும் வினா ஒன்றே: ஏன் ஆஸ்டியோபதி? 'உடல், உள்ளம், ஆன்மா மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் மருத்துவம் என்பதால்' என்று மாணவர் எழுதுகிறார். தவறன்று. ஆனால் அந்த வாக்கியத்தைத் தேர்வாளர் அன்று காலையிலேயே பலமுறை படித்திருப்பார். நல்ல எம்.டி. மருத்துவரும் நோயாளியை அப்படித்தானே பார்க்கிறார் என்று அவர் திருப்பிக் கேட்டால், மனப்பாடம் செய்தவர் நாவெழாமல் நிற்பார்.

விடையைத் தேடுவோர் வரலாற்றிலிருந்து தொடங்குவது நலம். இம்முறையைத் தோற்றுவித்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் (1828–1917) தாமே மருத்துவர். 1864-இல் மூளையுறைக் காய்ச்சலுக்குத் தம் குழந்தைகளைப் பறிகொடுத்தார். அக்காலத்து மருந்துகள் கைகொடுக்கவில்லை. மருந்துகளின்மேல் நம்பிக்கை இழந்த அவர், உடம்பின் அமைப்புச் சீராக இருந்தால் அதன் தொழிலும் சீராகும் என்ற முடிவுக்கு வந்தார். 1892-இல் மிஸோரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரில் பள்ளி தொடங்கி, முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்தார். அவர் சொன்ன யாவும் இன்று நிலைக்கவில்லை. மருந்தை ஒதுக்கிய அவர் வழிவந்த கல்லூரிகள் இன்று மருந்தியலைக் கட்டாய பாடமாகப் போதிக்கின்றன. கைச் சிகிச்சைக்கென ஏறத்தாழ 200 மணி நேரப் பயிற்சியும் உண்டு. அப்பயிற்சியிலும், முதுகுவலிக்குக் கைச் சிகிச்சை உதவும் என்பதற்கு உள்ள சான்று, மண்டையோட்டு எலும்புகளை மெல்ல அழுத்தி நோய் தீர்க்கலாம் என்பதற்கு இல்லை. இதை மரியாதையோடு சொல்லத் தெரிந்த மாணவரை, எல்லாவற்றையும் புகழ்பவரைக் காட்டிலும் தேர்வாளர் மதிப்பார் என்பதே நம் அபிப்பிராயம்.

கலிபோர்னியாவில் 1962-இல் நிகழ்ந்ததையும் அவர் அறிந்திருக்கட்டும். அறுபத்தைந்து டாலர் கட்டணம் செலுத்திய டி.ஓ. மருத்துவர்களுக்கு எம்.டி. பட்டம் வழங்கினார்கள், அவர்களுடைய கல்லூரியும் எம்.டி. கல்லூரியாக மாறியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாறினர், சிலர் மறுத்தனர். அந்நாளில் தாம் அங்கிருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஒரு மாலைப்பொழுது சிந்தித்துப் பார்க்கும் மாணவருக்கு, 'ஏன் ஆஸ்டியோபதி' என்ற வினாவில் பாதி தெளிந்துவிடும்.

மீதிப் பாதி ஏட்டிலிருந்து வாராது. டி.ஓ. மருத்துவர் ஒருவரின் உடனிருந்து, அவர் நோயாளியைத் தொடும் விதத்தையும் பேசும் விதத்தையும் பல நாள் பார்க்க வேண்டும். கல்லூரிகள் பல அத்தகைய மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தை விரும்புகின்றன. சில கட்டாயமாகவே கேட்கின்றன. ஒரே நாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கடிதம் கேட்டால், அந்தக் கடிதமும் ஒரு நாள் கடிதமாகவே இருக்கும். நீண்ட நாள் இருந்தவருக்கோ, கட்டுரையில் எழுத ஒரு நோயாளியாவது கிடைப்பார். பெயரை மறைத்து எழுத வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனிப் பேட்டி. சில கல்லூரிகளில் இருவரோ மூவரோ எதிரே அமர்ந்து உரையாடுவர். அவர்கள் விண்ணப்பத்தைப் படித்திருக்கலாம். வேண்டுமென்றே படிக்காமலும் வரலாம். ஆகவே 'விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேனே' என்ற விடை உதவாது. வேறு சிலவற்றில் மாணவர் அறை அறையாகச் செல்ல வேண்டும். ஒவ்வோர் அறை வாயிலிலும் ஒரு சூழ்நிலை எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துச் சிந்திக்கச் சில நிமிஷம், பேசச் சில நிமிஷம். உடன் பயிலும் மாணவன் தேர்வில் ஏமாற்றியதைக் கண்டால் என்ன செய்வாய் என்பது போன்ற கேள்விகள் அங்கே வரும். தீர்ப்பை மட்டும் சொன்னால் போதாது. தயக்கத்தையும் சேர்த்துச் சொல்வதே உண்மையான விடை. வீட்டில் பெரியவர் ஒருவரை எதிரில் அமர்த்தி வாய்விட்டுப் பழகலாம். வாக்கியங்களை அன்று, கருத்துகளை மட்டும். மதிப்பெண் குறைந்த பருவம் ஏதேனும் இருந்தால், ஆசிரியர்மேல் பழி போடாமல் இரண்டு வாக்கியத்தில் காரணம் கூறி, அதன்பின் செய்துகொண்ட மாற்றத்தைச் சொல்ல வேண்டும்.

முடிவில், 'எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா?' என்பார்கள். ஒன்றுமில்லை என்று எழுந்துவிடலாகாது. இக்கல்லூரிகள் பலவற்றுக்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர்கள் தொலைவிலுள்ள ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். எந்த ஊர், எத்தனை மாதம், அங்கே கற்பிப்பவர் யார், தங்குமிடத்துக்கு வழி என்ன என்று கேட்பது அந்த மாணவரின் உரிமை. கல்லூரியை அவர் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அந்த விடைகளைக் கேட்ட பிறகுதான்.