இதயத்தை விலக்கி நுரையீரலைத் தேடிய மருந்து

ஆஸ்துமா நோயில் மூச்சுக்குழாய்களைச் சுற்றியுள்ள மென்தசை இறுகுவதாலும், அவற்றின் உட்சுவர் அழற்சியால் வீங்குவதாலும் காற்றின் வழி குறுகுகிறது. 1901ஆம் ஆண்டளவில் ஜோகிச்சி தகாமினே அண்ணீரகச் சுரப்பியிலிருந்து தூய படிகமாகப் பிரித்தெடுத்த அட்ரினலின், அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஊசி வழியே ஆஸ்துமா நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டு மூச்சை எளிதாக்கியது; ஆனால் இதயத்தைப் படபடக்கச் செய்து, இரத்த அழுத்தத்தையும் ஏற்றியது.

ஒரே பொருள் இரத்தக் குழாயின் தசையைச் சுருக்கவும் வேறொரு தசையைத் தளர்த்தவும் எவ்வாறு இயலும் என்ற வினாவுக்கு விடை தந்தவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பணியாற்றிய ரேமண்ட் ஆல்குவிஸ்ட். அட்ரினலினை ஒத்த ஆறு சேர்மங்களைப் பல உறுப்புகளில் செலுத்தி, எது வலியது, எது மெலியது என வரிசைப்படுத்திய அவர், இரண்டே வரிசைகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். ஒன்றில் முன்னணியில் நின்ற அட்ரினலினை, மற்றதில் அந்த ஆறில் ஒன்றான ஐசோபிரினலின் முந்திக்கொண்டது. ஆகவே உயிரணுக்களில் இம்மருந்துகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இருவகைப்படும் என்றார். ஓர் ஆய்விதழ் நிராகரித்த அக்கட்டுரை 1948இல் வேறோர் இதழில் வெளியாகியும், அறிவுலகம் அதைப் பல ஆண்டுகள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

பீட்டா ஏற்பிகளை மட்டுமே தூண்டி, ஆஸ்துமா மருந்தாகப் பயன்பட்ட ஐசோபிரினலினும் இதயத்தை விட்டுவைக்கவில்லை. 1960களில் பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த இளைஞர்களின் எண்ணிக்கை உயர்ந்தபோது அதன் செறிவுமிக்க இன்ஹேலர்கள் மீது ஐயம் விழுந்தது. மருந்தின் நச்சுத்தன்மையா, அதை நம்பி மருத்துவமனைக்குச் செல்லத் தாமதித்ததா என்ற விவாதம் நெடுநாள் நீண்டது.

1967இல் லாண்ட்ஸ் என்னும் ஆய்வாளரின் குழுவினர் பீட்டா ஏற்பிகளை, இதயத்தில் மேலோங்கும் பீட்டா-1, மூச்சுக்குழாயில் மேலோங்கும் பீட்டா-2 எனப் பகுத்துக் காட்டினர். ஏறத்தாழ அதே காலத்தில், இங்கிலாந்தின் வேர் நகரில் டேவிட் ஜாக் தலைமையிலான குழு உருவாக்கிய சால்பியூட்டமால் 1969இல் விற்பனைக்கு வந்தது. ஐசோபிரினலினை விரைந்து சிதைக்கும் நொதிக்கு இடங்கொடாதவாறு சால்பியூட்டமாலின் மூலக்கூறு திருத்தப்பட்டதால், அதன் பயன் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை நீடித்தது. பீட்டா-2 ஏற்பியில் அது அமர்ந்ததும் ஜி-புரதம் தூண்டப்பட்டு, சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் பெருகி, தசையின் இறுக்கம் தளர்கிறது.

எனினும் பீட்டா-2 ஏற்பிகள் கைகால் தசைகளிலும் உள்ளமையால், மருந்து மிகும்போது விரல்கள் நடுங்குகின்றன. அழற்சியோ இம்மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை; அதனாலேயே 2019 முதல் பன்னாட்டு வழிகாட்டுதல், பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் இதைத் தனியே நம்பாமல், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்த சிகிச்சையைப் பெறுமாறு பரிந்துரைக்கிறது.