கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு

(மும்பையில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம்மில் பலர் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். மழை பொய்த்தால் கண்மாய் வறளும். கண்மாய் வறண்டால் வயல் தரிசு. அந்த வறட்சிதான் நம்மை இங்கே ரயிலேற்றியது. 2018-இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது, விருதுநகரோடு இராமநாதபுரமும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.

ஊருக்கு உதவும் துடிப்பு நமக்கு இயல்பு. அதைக் காசாக்குகிறவர்களும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கண்மாய் தூர்வார என்று ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தார். ஒரு வாரக் கூலியைக் கொடுத்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனால், கண்மாயில் கருவேலம்தான் மண்டிக் கிடந்தது; மண்வெட்டி பட்ட தடயமே இல்லை!

குற்றம் அவருடையது மட்டுமா? கேட்காமல் கொடுத்த நானும் பங்காளிதான்.

இனி மூன்று கேள்வி கேட்போம். பதிவு எண் என்ன? தமிழ்நாட்டில் பதிவு பெற்ற சங்கமானால், 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுதோறும் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். அதன் நகல் எங்கே? போன ஆண்டு எந்த ஊரில் என்ன வேலை முடிந்தது? இந்த மூன்றாவது கேள்வியை அந்த ஊரிலுள்ள உங்கள் அக்காளிடமும் மாமனிடமும் கேளுங்கள். உண்மை அங்கே தெரியும்.

கணக்குக் கேட்டால் கோபிப்பவருக்குக் கொடுக்காதீர்கள். கணக்கை விரித்து வைப்பவர் சிறிய அமைப்பானாலும் அவருக்கே கொடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: கண்மாயைக் காப்பது அரசின் கடமை. நம் நன்கொடை அதற்கு ஈடாகாது. அக்டோபர் 2 கிராம சபையில் அந்தக் கேள்வியையும் எழுப்பச் சொல்லி ஊருக்குச் சொல்லுங்கள்.