பாம்பு கடித்தால்

சிக்கல், கடலாடி ஊர்ப் பக்கம் வயலும் சீமைக்கருவேலங்காடும் ஒட்டியே கிடக்கின்றன. அங்கே பாம்பும் உண்டு. அது காலில் கடித்தால் முதல் வேலை, காலை அசையாமல் வைப்பது. அசைந்தால் விஷம் விரைவாகப் பரவும். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல, குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டினால் போதும். கால் வீங்கும்; அதனால் கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட வேண்டும். கயிற்றால் இறுக்கக் கூடாது. கடித்த இடத்தைக் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. பாம்புகளில் கட்டுவிரியன் மிகவும் கொடியது. இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும்; வலி பெரிதாகத் தெரியாது. வலி இல்லையே என்று விடியும்வரை காத்திருந்து உயிரை இழப்பவர்கள் உண்டு. இது தடுக்கக்கூடிய சாவு. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கடிபட்டவரை நடக்கவிடக் கூடாது. காலை அசைக்கவே கூடாது. இரவில் வெளியே போக டார்ச், படுக்கக் கட்டில், கொசுவலை ஆகியவை முன்னேற்பாடு.