எரிந்த வீடும் எரியாத கடனும்
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வீட்டைக் கட்டிக் காப்பது எப்படி என்று பெரியோர் நமக்குப் பலவாறு சொல்லித் தந்துள்ளனர். வீடு போனபின் குடும்பக் கணக்கைக் காப்பது எப்படி என்பதை இன்று சிந்திப்போம். இதற்கு அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் பரடைஸ் என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம்.

மலையடிவாரத்துப் பைன் மரக்காடுகளின் நடுவே, சுமார் 26,000 மக்கள் வாழ்ந்த ஊர் அது. அவர்களுள் இளைப்பாறிய முதியோர் பலர். 2018 நவம்பர் 8ஆந் திகதி காலை, மின்சாரக் கம்பனியொன்றின் பழைய கம்பித் தொடரிலிருந்து எழுந்த தீ, காற்றோடு கூடிச் சில மணி நேரத்தில் ஊரை விழுங்கிற்று. 85 பேர் மாண்டனர். 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

தப்பியவர்கள் கண்ட முதல் உண்மை யாது? வீடு எரிந்தது, வீட்டின்மேற் பெற்ற கடன் எரியவில்லை. சாம்பலுக்கும் மாதத் தவணை கட்டவேண்டும். வங்கி சில மாதம் பொறுக்கலாம். ஆனால், பொறுத்தல் வேறு, மன்னித்தல் வேறு. ஆகவே, தவணை தவறுமுன்னரே வங்கிக்கு எழுதுதல் தலையாய கடமை.

அடுத்தது காப்புறுதி. அங்கே அது பெரும்பாலும் மூன்று பகுதியாக வரும். கட்டடத்துக்குரிய காசோலையில் வங்கியின் பெயரும் இருக்கும். வீடு எழும்ப எழும்பவே வங்கி அப்பணத்தை விடுவிக்கும். தட்டுமுட்டுச் சாமான்களுக்கு முதலிற் கிடைப்பது தேய்மானங் கழித்த விலை. புதியதை வாங்கிப் பற்றுச்சீட்டுக் காட்டினாலே மிகுதி வரும். மூன்றாவது, வெளியே தங்கும் செலவு. இங்கேதான் பலர் மயங்குவர். முழுச் செலவும் கிடையாது. கூடிய செலவு மாத்திரமே கிடைக்கும். முன்னர் மாதம் 800 டொலருக்கு உண்ட குடும்பம், அடுப்பில்லாமையால் இன்று 1,300 செலவிட்டால், கேட்கக்கூடியது 500. முன்னைய செலவு இன்னதென்று காட்டக் கணக்கில்லாதவன் எவ்வாறு கேட்பான்?

காப்புறுதித் தொகையும் போதாமற் போவதுண்டு. ஓர் ஊரே ஒருசேரக் கட்டப் புறப்பட்டால் மரத்தின் விலையும் தச்சன் கூலியும் ஏறும். பல்லாண்டுக்கு முன் குறித்த தொகையோ ஏறாது. மேர்செட் என்னும் சிறு காப்புறுதிக் கம்பனி அத்தீயினாலேயே முறிந்தது. கடனில்லா வீட்டுக்காரருட் சிலர், கட்டாயப்படுத்த வங்கியில்லாமையால், காப்புறுதியே செய்திருக்கவில்லை. அவ்வாண்டில் மத்திய அரசு ஒரு குடும்பத்துக்கு வழங்கக்கூடிய வீட்டு உதவி, கூடியது 34,900 டொலர். அது வீடு கட்டப் போதாது.

மின்சாரக் கம்பனி 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தீயினால் நட்டமடைந்தோருக்கு 1,350 கோடி டொலர் மதிப்பில் ஒரு நிதியும் ஏற்பட்டது. ஆயின், அதிற் பாதி காசன்று, அக்கம்பனியின் பங்குகளே. பங்கின் விலை ஏறும், இறங்கும். கொடுப்பனவும் ஆண்டுக்கணக்கிற் பகுதி பகுதியாகவே வந்தது. இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று: வரவேண்டிய பணத்தை வந்த பணமாக எண்ணிக் கடன்படலாகாது. பெரிய காசோலை கைக்கு வந்த நாளிலும் அது செல்வமன்று. இழந்த வீட்டின் ஒரு பகுதியே அது.

ஆகவே, அத்தகைய குடும்பத்துக்கு ஒரு கொப்பி வேண்டும். வந்த பணம், வரவேண்டிய பணம், அதனை எதற்குச் செலவிடலாம், விண்ணப்ப முடிவுத் திகதி ஆகிய நான்கையும் நாள்தோறும் எழுதவேண்டும். கணவன் மாத்திரமன்றி மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும் அதைப் பார்க்கவேண்டும். துயரத்தில் ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டுவர்.

வாலிப அன்பர்களே! இடம்பெயர்ந்த நம் குடும்பங்கள் பலவும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பையிலிட்டுக்கொண்டே ஓடின. வீடு இழத்தல் நமக்குக் கேள்விப்பட்ட கதையன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் அறை அறையாகச் சென்று, உள்ள பொருள்களைக் கைத்தொலைபேசியிற் படம் பிடியுங்கள். உறுதிகளின் பிரதியொன்றை வேறூரிலுள்ள உறவினரிடம் ஒப்படையுங்கள். மாதச் செலவை எழுதத் தொடங்குங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. முதியோர் தேடிய வீட்டுக்கு இளையோர் செய்யக்கூடிய காவல் இது.